மல்லாட்டைக்குப் பொலிவியாவில் ஒரு சொந்தக்காரன்!

திண்டிவனத்துக் கடலையும் தென் அமெரிக்கக் காட்டுச் செடியும் உறவானது எப்படி?

விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் போய் "வேர்க்கடலை" என்று சொன்னால், வெளியூர் ஆள் என்று கண்டுகொள்வார்கள். அங்கே அதற்குப் பெயர் "மல்லாட்டை".

மணிலாக் கொட்டை என்பது மல்லாக்கொட்டை ஆயிற்று. மல்லாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம்.

பெயரே சொல்லிவிடுகிறது, இது நம் மண்ணில் பிறந்த பயிர் அல்ல என்று. கடல் கடந்து வந்த பயிர். ஆனாலும் வந்த மருமகள் வீட்டுக்காரி ஆவது போல, நம் பயிராகவே ஆகிவிட்டது.

அறுவடைக் காலத்தில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே போய்ப் பார்த்தால் தெரியும். களத்திலே மல்லாட்டை. வாசலிலே மல்லாட்டை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை. ஈரக் கடலையை உப்புப் போட்டு அவித்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்னும்.

அப்படித் தின்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இந்தக் கடலைக்குப் பின்னால் பல நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பு இருக்கிறது என்று? அந்தக் கதைக்குள் ஒரு பெரிய கேள்வியும் இருக்கிறது.

விதையை, அறிவை, கண்டுபிடிப்பை ஒளித்து வைத்துக்கொள்வதா? ஊருக்குக் கொடுப்பதா?

இதுதான் கேள்வி.

உறை மோர் வழக்கம்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாலுக்கு உறை ஊற்ற மோர் இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போவார்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கரண்டி மோர்தானே!

இன்று கொடுத்தவள், நாளைக்குத் தன் வீட்டு மோர் கெட்டுப்போனால், அதே வீட்டில் போய்க் கேட்கலாம். கொடுத்ததால் அவளுக்கு நஷ்டம் இல்லை. தன் வீட்டுத் தயிரை இன்னொரு வீட்டிலும் சேமித்து வைத்த மாதிரி.

பயிர் ஆராய்ச்சி உலகத்திலும் இந்த வழக்கம் இருந்தது. அதனால் விளைந்த நன்மைக்குத் திண்டிவனத்துக் கடலையே சாட்சி.

கப்பலில் வந்த கடலை

தென்னாற்காட்டில் 19-ம் நூற்றாண்டிலேயே கடலை பெரும் பணப்பயிர் ஆகிவிட்டது. புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பிரான்ஸ் நாட்டு மார்சேய் நகரத்துக்குப் போகும். அங்கே எண்ணெய் ஆடுவார்கள். சோப்பு செய்வார்கள்.

1890-களில் விளைச்சல் சரிந்தது. பழைய விதை வலுவிழந்தது. நோயும் சேர்ந்துகொண்டது. அப்போது "மொரீஷியஸ் கடலை" என்ற பெயரில் வெளிநாட்டு விதை வந்தது. அதை விதைத்த பிறகு கடலைச் சாகுபடி மறுபடி தலை தூக்கியது.

கவனிக்க வேண்டும்: நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்னாற்காட்டுக் கடலையைக் காப்பாற்றியது அயலூர் விதைதான்.

டி.எம்.வி. என்றால் திண்டிவனம்

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1930-களில் தொடங்கியது. கடலை, எள், ஆமணக்கு ஆகிய பயிர்களில் நல்ல ரகங்களைத் தேடுவது அதன் வேலை. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது.

விதைக் கடையில் "டி.எம்.வி." என்று தொடங்கும் ரகங்களைப் பார்க்கலாம். திண்டிவனம் என்ற பெயரின் சுருக்கம்தான் அது. ஒரு சிற்றூரின் பெயர் இப்படி உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எல்லாம் ஏறியிருக்கிறது!

1940-ல் டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2 என்ற இரண்டு கடலை ரகங்கள் வெளிவந்தன.

டி.எம்.வி. 1 கொடி ஓடும் ரகம். அதன் மூல விதைக்கு "சாலும்" என்று பெயர். சாலும் என்பது மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டில் ஓடும் ஓர் ஆறு.

டி.எம்.வி. 2 கொத்து ரகம். அதன் மூல விதைக்குப் பெயர் "குடியாத்தம் கொத்து". வட ஆற்காட்டுக் குடியாத்தம்தான்!

அதை எப்படி உருவாக்கினார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. வயலில் நின்ற செடிகளில் நல்லதாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். அவற்றின் விதைகளைச் சேர்த்து மறுபடி விதைத்தார்கள். மறுபடி பொறுக்கினார்கள். நம் தாத்தா பாட்டிமார் விதைக்கு எடுத்து வைத்ததும் இதே மாதிரிதான். ஆராய்ச்சி நிலையம் அதைக் கணக்கு எழுதி, அளந்து, ஒப்பிட்டுச் செய்தது.

டி.எம்.வி. 2 சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மானாவாரியிலும் தாங்கும். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் என்று பல பத்தாண்டுகள் அது கொடி கட்டிப் பறந்தது.

ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது.

துரு விழுந்த இலை

கடலைச் செடிக்கு இரண்டு பெரிய எதிரிகள்.

ஒன்று, டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய். இலையில் கரும்புள்ளி விழும். இலை உதிரும்.

மற்றொன்று, துரு நோய். இலையின் அடியில் செம்பழுப்புப் பொட்டுகள் தோன்றும். தொட்டால் விரலில் துருப் பிடித்த இரும்பைத் தொட்டது போல ஒட்டும். 1970-களில் இந்த நோய் இந்தியக் கடலை வயல்களில் பரவிவிட்டது.

இலைதான் செடிக்கு அடுப்படி. இலை போனால் காய்க்குச் சமையல் ஏது? இரண்டு நோயும் சேர்ந்து தாக்கினால் விளைச்சலில் பாதிக்கு மேல் போய்விடும்.

டி.எம்.வி. 2-க்கு இந்த இரண்டு நோயையும் தாங்கும் சக்தி இல்லை. மருந்து அடிக்கலாம். மருந்துக்குக் காசு? மானாவாரிக்காரர் மழையை நம்பி விதைக்கிறார். மழை பொய்த்தால் மருந்துக் கடனும் தலையில் விழும்.

செடிக்கே நோயைத் தாங்கும் சக்தி இருந்தால்? அந்தச் சக்தி எங்கே கிடைக்கும்?

நாட்டுக் கடலைகளில் தேடினார்கள். போதுமான அளவில் கிடைக்கவில்லை. காட்டில் தேடினார்கள். கிடைத்தது!

காட்டுச் சொந்தக்காரன்

கடலையின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. அங்கே காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் காட்டுக் கடலைகள் பல இனம் உண்டு. காய் பொடியாக இருக்கும். தின்ன உதவாது. ஆனால் நோய் அண்டாது.

கிரெகரி, கிராபோவிக்காஸ், பியெத்ராரெல்லி என்று மூன்று தாவர விஞ்ஞானிகள். பொலிவியா நாட்டில் ஊர் ஊராகச் சுற்றி, காட்டுக் கடலை விதைகளைச் சேகரித்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் போட்ட எண் 10017. அதன் தாவரப் பெயர் "அராக்கிஸ் கார்டெனாசி".

1960-களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இந்தக் காட்டுச் செடியை நாட்டுக் கடலையோடு இணைத்தார்கள்.

அது எளிதான காரியம் அல்ல. ஏன்?

ஒவ்வொரு உயிரின் அணுவிலும் குரோமோசோம் என்ற நூல் போன்ற பொருள்கள் உண்டு. நாட்டுக் கடலையில் அவை 40. காட்டுக் கடலையில் 20. இரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு அதில் பாதி, இதில் பாதி: 20-ம் 10-ம் சேர்ந்து 30. இந்த 30-ம் சரியாக ஜோடி சேராது. ஜோடி சேராவிட்டால் காய்ப்பு இல்லை. மலட்டுச் செடி!

இப்படிப்பட்ட செடியில் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் வழி உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் பயன்படுத்துவது கால்ச்சிசின் என்ற நச்சுப் பொருள். நம் செங்காந்தள் செடியில் இருப்பதும் அதே பொருள்தான். 30 இரட்டித்தால் 60. பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்து, 40-க்கு வந்து நின்ற செடிகளைப் பொறுக்கினார்கள். பொறுமை வேண்டிய வேலை.

தமிழ்நாட்டிலும் இந்தத் துறையில் முன்னோடி உண்டு. கோயம்புத்தூரில் வி. எஸ். ராமன், 1950-களின் இறுதியில் தொடங்கி, காட்டுக் கடலைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1976-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

கைமாறிய விதை

வட கரோலினாவில் பிறந்த கலப்பு விதைகளை யாரும் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் 1972-ல் இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. வறண்ட பூமிப் பயிர்களுக்கான நிலையம். கலப்பு விதைகள் அங்கே வந்தன. அவற்றின் வழியில் "சி.எஸ். 16" என்ற செடி பிறந்தது. அது கர்நாடகத்தில் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக் கழகத்துக்குப் போனது. அங்கே "ஜி.பி.பி.டி. 4" என்ற ரகம் பிறந்தது. துருவையும் தாங்கும். இலைப்புள்ளியையும் தாங்கும்.

பொலிவியா, அமெரிக்கா, ஐதராபாத், தார்வாட். உறை மோர் எத்தனை வீடு தாண்டிவிட்டது, பாருங்கள்!

270 கோடி எழுத்து

காட்டுச் செடியிலிருந்து வந்த அந்த நோய் தாங்கும் சக்தி செடியில் எங்கே ஒளிந்திருக்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஜீனோம் விஞ்ஞானம் வந்தது.

ஜீனோம் என்றால் என்ன?

ஓர் உயிரைச் செய்வதற்கான குறிப்பு முழுவதும் எழுதிய புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மொழிக்கு எழுத்து நான்கே நான்கு. கடலையின் புத்தகத்தில் சுமார் 270 கோடி எழுத்துகள் இருக்கின்றன. நொடிக்கு ஓர் எழுத்தாக, தின்னாமல் தூங்காமல் படித்தால், முடிக்க 85 ஆண்டு ஆகும்!

இன்று இயந்திரங்கள் படிக்கின்றன. ஆனால் அவையும் முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. துண்டு துண்டாகப் படிக்கும். துண்டுகளைச் சேர்த்து ஒட்டும்.

கடலையில் ஒரு சிக்கல். அதன் புத்தகம் ஒன்று அல்ல, இரண்டு! இரண்டு காட்டுச் செடிகள் சேர்ந்து பிறந்த பிள்ளை அது. அதனால்தான் 40 குரோமோசோம். தாய் வழியில் 20, தந்தை வழியில் 20. இரண்டு புத்தகமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரே செய்தியைப் போட்ட இரண்டு பத்திரிகைகளைச் சுக்கு நூறாகக் கிழித்துக் கலந்துவிட்டால், எந்தத் துண்டு எந்தப் பத்திரிகை என்று எப்படித் தெரியும்?

விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். முதலில் பெற்றோரைப் படிப்போம். பிறகு பிள்ளையைப் படிப்போம் என்று முடிவு கட்டினார்கள்.

ஆதி மனிதன் செய்த காரியம்

பெற்றோரின் பெயர் அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபயென்சிஸ். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அவற்றைப் படித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தக் குழுவில் முக்கியமானவர் டேவிட் பெர்டியோலி. பிரேசிலில் பல ஆண்டு ஆராய்ச்சி செய்து, பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக் கழகத்துக்குச் சென்றவர். அவர் மனைவி சொராயா லீல்-பெர்டியோலியும் கடலை விஞ்ஞானி. கணவன் மனைவி இருவரும் ஒரே செடியின் பின்னால்!

படித்துப் பார்த்ததில் ஓர் அதிசயம் தெரிந்தது.

கடலைச் செடி பூவை மண்ணுக்கு மேலே பூக்கும். விழுதை இறக்கிக் காயை மண்ணுக்குள்ளே வைக்கும். காற்றில் பறக்கும் விதை அல்ல. பறவை கொத்திப் போகும் விதையும் அல்ல. எனவே கடலை தானாக நெடுந்தூரம் போக வழியில்லை.

ஆனால் இபயென்சிஸ் செடியின் நெருங்கிய உறவினர்கள் எல்லாம் வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். இது மட்டும் தெற்கே, டுரானென்சிஸ் வளரும் பக்கத்தில் தனியாக நிற்கிறது. அதன் எழுத்தும் நம் கடலையின் ஒரு பாதியும் 99.96 சதவீதம் ஒன்றாக இருக்கின்றன. அந்த ஊர்ச் செடியின் முன்னோரே நம் கடலையின் முன்னோர் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம்.

அங்கே எப்படி வந்தது? சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், குடிபெயர்ந்து சென்ற ஆதி மனிதர்கள் விதையைக் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. கொண்டு போன இடத்தில் இரண்டு செடியும் கலந்தன. கடலை பிறந்தது!

விதையை இடம் மாற்றும் வழக்கம் இல்லாவிட்டால், கடலை என்ற பயிரே பிறந்திருக்காது.

ஒளிக்காத விஞ்ஞானிகள்

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

விஞ்ஞானிகளுக்கும் போட்டி உண்டு, பொறாமையும் உண்டு. யார் முதலில் கட்டுரை வெளியிடுகிறாரோ அவருக்குத்தான் பெயர். அவருக்குத்தான் பதவி, பண உதவி. அதனால் கையில் உள்ளதைக் கட்டுரை வரும் வரை காட்டாமல் இருப்பவர்கள் பலர்.

ஆனால் கடலை விஞ்ஞானிகள், தாங்கள் படித்த எழுத்துகளை 2014-லேயே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். தங்கள் கட்டுரை வெளிவர இரண்டு ஆண்டு இருந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்!

இந்த நல்ல பழக்கத்துக்கு வழிகாட்டியது ஒரு மாநாடு. மனித ஜீனோமைப் படித்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் 1996-ல் பெர்முடா தீவில் கூடினார்கள். படித்துச் சேர்த்த எழுத்தை 24 மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் வெளியிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். மனித உடலின் புத்தகம் மனிதர் எல்லாருக்கும் சொந்தம் அல்லவா?

2019-ல் நாட்டுக் கடலையின் முழு ஜீனோமும் வெளிவந்தது. அமெரிக்கா முன்னின்ற சர்வதேசக் குழு ஒன்றும், சீனாவிலிருந்து வேறு குழுக்களும் அதே ஆண்டில் தனித்தனியே வெளியிட்டன. போட்டியிலும் ஒரு நன்மை. ஒருவர் கணக்கை இன்னொருவர் சரி பார்க்கலாம்.

மாநாட்டால் என்ன பயன்?

"விஞ்ஞானிகள் விமானம் ஏறிப் போய் மாநாடு போடுகிறார்களே, அதனால் விவசாயிக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

மேடையில் பேசுவது பெரும்பாலும் வெற்றிக் கதை. அதைக் கட்டுரையிலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் தோல்விக் கதையைக் கட்டுரையில் யாரும் அச்சிடுவதில்லை. "இந்தக் கலப்பைச் செய்து பார்த்தேன், காய்க்கவில்லை" என்பதை இடைவேளையில் காப்பி குடிக்கும்போதுதான் சொல்வார்கள். கேட்டவருக்கு மூன்று வருட வேலை மிச்சம்! விதை கேட்பதும், "அனுப்புகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதும் அந்த இடைவேளையில்தான்.

கடலை ஜீனோம் மாநாடுகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பணக்கார நாட்டோடு அவை நின்றுவிடவில்லை. ஐதராபாத் அருகே இக்ரிசாட்டில் கூடினார்கள். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலும், நம் டி.எம்.வி. 1-ன் தாய் நாடான செனகலிலும் கூடினார்கள். பயிர் எங்கே வயிற்றுப் பாட்டுக்கு விளைகிறதோ, அங்கே போய்ப் பேசினால்தான் ஆராய்ச்சிக்கு அர்த்தம்.

திண்டிவனம் கொடுத்தது, திண்டிவனம் பெற்றது

இனி நம் கடலைக்கு வருவோம்.

ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் நோய் தாங்கும் துண்டு எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கிறது என்று அடையாளம் கண்டார்கள். இக்ரிசாட் விஞ்ஞானிகள் அந்தத் துண்டை வேறு மூன்று ரகங்களுக்கு மாற்றிக் காட்டி, 2014-ல் வெளியிட்டார்கள்.

தார்வாட் விஞ்ஞானிகள் டி.எம்.வி. 2-ஐ எடுத்துக்கொண்டார்கள்.

டி.எம்.வி. 2-ஐ ஜி.பி.பி.டி. 4-உடன் கலந்தார்கள். பிறந்த பிள்ளையை மறுபடி டி.எம்.வி. 2-உடன் கலந்தார்கள். அதன் பிள்ளையை மறுபடியும் டி.எம்.வி. 2-உடனேயே. இப்படிச் செய்தால் மற்ற எல்லாம் டி.எம்.வி. 2 ஆகவே இருக்கும். அந்த ஒரு துண்டு மட்டும் புதிதாக வந்து சேரும். பால் முழுவதும் நம் வீட்டுப் பால். உறை மட்டும் அடுத்த வீட்டு உறை!

துண்டு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? முன்பெல்லாம் செடி வளர்ந்து நோய் வரும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலையில் ஒரு கிள்ளு எடுத்துச் சோதித்தால் போதும்.

2017-ல் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். துருவையும் இலைப்புள்ளியையும் தாங்கும் டி.எம்.வி. 2 வழிச் செடிகள் கிடைத்துவிட்டன.

1940-ல் திண்டிவனம் தன் விதையை ஒளிக்காமல் ஊருக்குக் கொடுத்தது. அதனால்தான் கர்நாடகத்தில் ஒரு பல்கலைக் கழகம் அதைத் தன் விதையாக நினைத்து வைத்தியம் செய்தது.

கதவு சாத்துகிறது

பொலிவியாவின் 10017-ம் எண் செடி எங்கெங்கே போயிருக்கிறது என்று பெர்டியோலியும் பல நாட்டு விஞ்ஞானிகளும் ஜீனோம் கொண்டு துப்புத் துலக்கினார்கள். 2021-ல் முடிவு வந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல கண்டங்களிலும் அதன் வாரிசுகள்! பயிரிடுகிறவருக்கும் தெரியாது. பல சமயம் ரகத்தை உருவாக்கியவருக்கே தெரியாது.

அந்த விஞ்ஞானிகள் ஒரு கவலையையும் எழுதினார்கள். இன்று இப்படி ஒரு விதை உலகம் சுற்ற முடியாது. நாட்டுக்கு நாடு சட்டம் குறுக்கே நிற்கிறது. விதை பரிமாற்றம் மிகவும் குறைந்துவிட்டது. இதனால் நாளைய உணவுக்கே ஆபத்து என்பது அவர்கள் கருத்து.

1993-ல் நடைமுறைக்கு வந்த உயிரினப் பன்மை ஒப்பந்தம், ஒரு நாட்டின் தாவரச் செல்வம் அந்த நாட்டுக்கே உரியது என்றது. இந்தியாவும் 2002-ல் சட்டம் செய்தது. பயிர் விதைகளை எளிதாகப் பரிமாறிக்கொள்ள 2001-ல் தனி ஒப்பந்தம் ஒன்று வந்தது. அதன் பட்டியலில் 64 பயிர்கள் இருந்தன. நெல் உண்டு, கோதுமை உண்டு. வேர்க்கடலை இல்லை!

இக்ரிசாட் போன்ற நிலையங்களின் சேமிப்புக்குத் தனி ஏற்பாடு உண்டு. அங்கே 15,000-க்கு மேற்பட்ட கடலை வகைகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் காட்டில் இன்னும் எடுக்காத விதை? அதுதான் கேள்வி.

மஞ்சள் சொன்ன பாடம்

சட்டம் போட்டவர்களுக்கு இரக்கம் இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது.

காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டி வைத்தியம். அதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது.

உறை மோர் வாங்கிப் போனவள், அதை வைத்துத் தயிர்க் கடை போட்டு, "இந்தத் தயிர் என் கண்டுபிடிப்பு, நீ உறை ஊற்றினால் எனக்குக் காசு கொடு" என்றால், அடுத்த முறை யார் கிண்ணத்தை நிரப்புவார்கள்?

ஆகவே இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் பயிருக்கு ஆபத்து. கேள்வி முறை இல்லாமல் திறந்தால் ஏழை நாட்டுக்கு நஷ்டம். வாங்கியவர் பெயர் சொல்ல வேண்டும். பலன் வந்தால் பங்கு தர வேண்டும். அப்படியானால் கதவு திறந்திருக்கும்.

யாருக்குப் பெயர்?

விஞ்ஞானிகள் உலகம் தங்களுக்குள்ளும் ஒரு கணக்கைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல ரகம் வெளிவரப் பத்து ஆண்டு ஆகலாம். வெயிலில் நின்று செடி பொறுக்குகிறவர், அந்தப் பத்து ஆண்டில் எத்தனை கட்டுரை எழுத முடியும்? இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் ஆண்டுக்குச் சில எழுதிவிடலாம். கட்டுரையை மட்டும் எண்ணிப் பதவி கொடுத்தால், நாளைக்கு வயலில் இறங்க ஆள் இருக்காது. ஜீனோம் என்ற புத்தகம் மேஜை மேலே இருக்கும். அதைப் படித்துச் செடியாக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறிக்கொள்ளவும் உரிமை உண்டு என்கிறது. விவசாயிகள் காத்து வந்த ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதியலாம். நல்ல தொடக்கம்.

டி.எம்.வி. 2 ரகத்தின் தாய் "குடியாத்தம் கொத்து". அந்த விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கொடுத்த விவசாயிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. 10,000 ஆண்டுக்கு முன் மடியில் கட்டிக்கொண்டு போனவரின் பெயரோ கேட்கவே வேண்டாம்.

அவர்கள் யாரும் விதையை ஒளித்து வைக்கவில்லை. அதனால்தான் இன்று விழுப்புரத்து அடுப்பில் மல்லாட்டை வேகிறது.

அடுத்த முறை ஒரு மல்லாட்டையை உடைக்கும்போது உள்ளே பாருங்கள். இரண்டு பருப்பு இருக்கும். ஒன்று தின்பதற்கு. ஒன்று விதைப்பதற்கு என்று பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்லலாம். விதைக்கிறதை அடுத்த வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லலாம்!